வானத்தைப் பார்க்காமல் நடத்திய வானியல் பாடம்

நான் வேதியியல் படித்தவள். 2017 ஜூன் மாதம், புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடியைத் தாண்டி உள்ள ஓர் அரசு நடுநிலைப் பள்ளிக்கு அறிவியல் பட்டதாரி ஆசிரியையாக வந்து சேர்ந்தேன். ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளுக்கும் அறிவியல் என் பொறுப்பு. சமூக அறிவியல் பணியிடம் அப்போது காலியாக இருந்ததால் புவியியல் பகுதியும் என்னிடமே வந்தது. அமிலம், காரம், உலோகம் என்றால் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் நிலா, பருவகாலம், பாறை, புயல் ஆகியவற்றைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு எப்படி நடத்துவது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நான் பள்ளியில் படித்த காலத்தில் அவற்றை எனக்கு வெளியே அழைத்துச் சென்று காட்டியவர்களும் இல்லை. அடுத்த இரண்டரை ஆண்டுகளில் நான் செய்த தவறுகளையும், அவற்றில் போன பணத்தையும், பணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றும் சில இழப்புகளையும் வரிசையாக எழுதுகிறேன். இதே பாடங்களோடு இந்த ஜூனில் வகுப்பறைக்குள் நுழையப்போகும் ஒருவருக்காவது இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

முதல் தவறே பெரிய தவறு. நிலாவின் பிறைகள் பற்றிய பாடத்தில், நிலா தேய்வதும் வளர்வதும் பூமியின் நிழல் அதன் மேல் விழுவதால்தான் என்று நான் இரண்டு வகுப்புகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். புத்தகத்தில் அப்படி எங்கும் எழுதப்படவில்லை. சிறுவயதிலிருந்து நானே அப்படி நம்பியிருந்ததால், படத்தைக் கரும்பலகையில் வரைந்துவிட்டு அதற்கு விளக்கமாக அதைச் சேர்த்துச் சொன்னேன். பிள்ளைகளும் படத்தை அழகாக வரைந்து, எட்டுப் பிறைகளுக்கும் பெயர் எழுதி, முழு மதிப்பெண் வாங்கினார்கள். எட்டாம் வகுப்பில் ஆடு மேய்க்கும் வீட்டுப் பையன் ஒருவன் மட்டும் எழுந்து, "டீச்சர், நேத்து சாயங்காலம் ஆடு ஓட்டிக்கிட்டு வரையில சூரியனும் மேல இருந்துச்சு, நிலாவும் மேல இருந்துச்சு. நடுவுல பூமி இல்லையே, அப்புறம் நிழல் எப்படி விழும்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் துணிவும் அன்று இல்லை. "தேர்வுக்குப் படத்தை ஒழுங்காக வரை, அது போதும்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். அவன் அதன் பிறகு அந்த ஆண்டு முழுவதும் என் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. 2018 ஜூலை 6, வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். பேருந்துக்குக் கிளம்பும்போது மேற்கு வானத்தில் பாதி நிலா வெளிறிய நிறத்தில் நின்றது. தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய நிலா. கிழக்கே சூரியன் நன்றாக ஏறியிருந்தது. சமையலறையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து, வெயிலில் நின்றபடி, நிலாவுக்குப் பக்கத்தில் வருமாறு கையை நீட்டிப் பிடித்தேன். எலுமிச்சம்பழத்தின் எந்தப் பாதியில் வெயில் பட்டதோ, நிலாவிலும் அதே பாதிதான் வெளிச்சமாக இருந்தது. இருட்டான பாதியின் மேல் எந்த நிழலும் விழவில்லை. அது சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்கும் பாதி, அவ்வளவுதான். சூரியன் எப்போதும் நிலாவின் ஒரு பாதியை ஒளியூட்டுகிறது, நாம் நிற்கும் கோணத்திலிருந்து அந்தப் பாதியில் எவ்வளவு நமக்குத் தெரிகிறதோ அதுவே பிறை என்ற விஷயம், கல்லூரி முடித்து, பி.எட். முடித்து, வேலைக்கு வந்து ஓராண்டு கழிந்த பிறகு, ஒரு எலுமிச்சம்பழத்தால் எனக்குப் புரிந்தது. பேருந்தில் உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்தது. நாற்பத்தாறு பிள்ளைகளுக்குத் தவறாகச் சொல்லியிருந்தேன். அதில் பாதிப் பேர் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிகளுக்குப் போய்விட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பிறை பாடத்தை நடத்துவதற்கு முன் ஆசிரியர் குறைந்தது ஒரு மாதம் நிலாவைத் தாமே பார்த்திருக்க வேண்டும். நம் ஊரில் அதற்குச் செலவே இல்லை. வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டர் போதும். ஒரு திதி என்பது சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையிலுள்ள கோணம் பன்னிரண்டு பாகை கூடுவதற்கு ஆகும் காலம். முப்பது திதிகள் சேர்ந்தால் 360 பாகை, ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள். மூன்றாம் பிறை ஏன் சூரியன் மறைந்த உடனே மேற்கில் சிறிது நேரம் மட்டும் தெரிகிறது, வளர்பிறை அஷ்டமி நிலா ஏன் மாலையில் உச்சியில் நிற்கிறது, பௌர்ணமி நிலா ஏன் சூரியன் மறையும் நேரத்தில் கிழக்கே எழுகிறது என்பதெல்லாம் இந்த ஒரு கணக்கில் அடங்கும். பிரதோஷத்துக்கும் பௌர்ணமிக்கும் கோயிலுக்குப் போகும் பிள்ளைகளுக்கு இந்தச் சொற்கள் எல்லாம் ஏற்கெனவே தெரியும். அவற்றை வகுப்பறைக்குள் கொண்டுவரலாம் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. இப்போது நான் பாடத்துக்கு நான்கு வாரம் முன்பே, ஒவ்வொரு நாளும் நிலாவைப் பார்த்த நேரம், திசை, வடிவம் ஆகிய மூன்றையும் நோட்டில் குறித்துவரச் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகுதான் இருட்டறையில் குண்டு பல்பைச் சூரியனாக வைத்து, பென்சிலில் குத்திய பிளாஸ்டிக் பந்தை நிலாவாகப் பிடித்து, பிள்ளைகள் தாங்களே பூமியாகச் சுற்றிப் பார்க்கிறார்கள். பந்தைத் தலை உயரத்துக்குச் சற்று மேலே பிடிக்கச் சொல்ல மறக்கக் கூடாது. நேராகப் பிடித்தால் பௌர்ணமி வரும்போது தலையின் நிழல் பந்தின் மேல் விழும். உடனே "நிழல்தான் காரணம்" என்ற பழைய எண்ணம் திரும்பி வந்துவிடும்.

அதே ஜூலை மாதம் 27ஆம் தேதி நள்ளிரவு ஒரு முழுச் சந்திர கிரகணம் வந்தது எனக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. இரவு ஒரு மணியிலிருந்து இரண்டே முக்கால் மணி வரை நிலா முழுவதுமாகப் பூமியின் நிழலுக்குள் இருந்தது. இந்த நூற்றாண்டின் மிக நீண்ட முழுச் சந்திர கிரகணம் அதுதான். பெற்றோர் துணையுடன் பார்க்க முடிந்தவர்கள் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன். எட்டுப் பேர் பார்த்துவிட்டு வந்தார்கள். பூமியின் நிழல் உண்மையாகவே விழும்போது அது இரண்டு வாரம் எடுத்துக்கொள்வதில்லை, சில மணி நேரத்தில் வந்து போய்விடுகிறது, நிலா கருக்காமல் செம்பு நிறமாகிறது என்று அவர்களே வகுப்பில் சொன்னார்கள். நான் முந்தைய ஆண்டு தவறாகச் சொல்லியிருந்ததை அன்று எட்டாம் வகுப்பில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டேன். பிள்ளைகள் என்னை மதிக்காமல் போய்விடுவார்கள் என்ற பயம் இருந்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்ட அந்தப் பையனைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தபோதும் சொன்னேன்: "தம்பி, நீ போன வருஷம் கேட்டதுதான் சரி. நான் சொன்னது தப்பு." அவன் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத் தெரியும் டீச்சர்" என்றான்.

பருவகாலப் பாடத்தில் நடந்தது வேறு விதமான சறுக்கல். பூமி சூரியனுக்கு அருகில் வரும்போது கோடை, விலகும்போது குளிர் என்பது பெரியவர்கள் பலருடைய மனத்திலும் உள்ள எண்ணம். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில். மிக விலகி இருப்பது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டர் தொலைவில். இந்த இரண்டு எண்களைச் சொன்னாலே பழைய எண்ணம் ஆட்டம் காணும். ஆனால் அச்சு சாய்ந்திருக்கிறது என்ற சரியான விடையைச் சொல்லிவிட்டு நிறுத்தினால், பிள்ளைகள் அதையும் ஒரு மந்திரம் போல ஒப்பிப்பார்கள். நம் பகுதியில் அதைக் கண்ணால் காட்ட முடியும். கடக ரேகைக்குத் தெற்கே இருப்பதால் ஆண்டில் இரண்டு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நட்டுவைத்த குச்சியின் நிழல் காணாமல் போகும். எங்கள் ஊருக்கு அது ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் வரும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டு, 2018 ஆகஸ்ட் கடைசியில் மூன்று வகுப்புப் பிள்ளைகளையும் திடலில் நிறுத்தி, ஒரு மீட்டர் குச்சியை நட்டு, சரியாகப் பன்னிரண்டு மணிக்காகக் காத்திருந்தேன். மணி பன்னிரண்டு ஆனது, நிழல் மறையவில்லை. விரல் நீளத்துக்கு மேற்குப் பக்கம் கிடந்தது. ஐந்து நிமிடம் பொறுத்துவிட்டு, தேதியைத் தவறாகக் கணக்கிட்டுவிட்டேன் என்று நினைத்து எல்லோரையும் உள்ளே அனுப்பினேன். வெயிலில் நின்ற பிள்ளைகளின் முகத்தில் இருந்த ஏமாற்றம் இன்னும் நினைவில் இருக்கிறது.

தேதி சரிதான், நேரம்தான் தவறு. இந்திய நேரம் 82½ பாகை கிழக்கு தீர்க்கரேகைக்கு வகுக்கப்பட்டது. எங்கள் ஊர் 79 பாகையை ஒட்டி, அதற்கு மேற்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால், எங்களுக்கு உச்சிவேளை பன்னிரண்டேகாலை ஒட்டி வரும். பத்து நிமிடம் கூடுதலாக நின்றிருந்தால் எங்கள் கண் முன்னாலேயே நிழல் குச்சியின் காலடிக்குள் போயிருக்கும். எனவே உச்சிவேளை என்பதைக் கடிகாரத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். பதினொன்றே முக்காலிலிருந்து பன்னிரண்டரை வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் கூழாங்கல் வைக்கச் சொல்லுங்கள். எது மிகக் குட்டையான நிழலோ அதுதான் உச்சிவேளை என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். டிசம்பர் 22ஐ ஒட்டி அதே ஒரு மீட்டர் குச்சிக்கு உச்சிவேளை நிழல் 67 சென்டிமீட்டர் நீளத்தில் வடக்கே விழும். ஜூன் 21ஐ ஒட்டி 23 சென்டிமீட்டர் நீளத்தில் தெற்கே விழும். நடுப்பகல் நிழல் தெற்கே விழுவதை முதன்முதலாகப் பார்த்தபோது, அதுவரை அதைக் கவனிக்காமல் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறேனே என்று எனக்கு வியப்பாக இருந்தது. எங்கள் ஊரில் ஏன் ஜூனைவிட ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கொளுத்துகிறது என்ற கேள்விக்கும் வழி அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்து பணம் போன கதை. 2018 செப்டம்பரில் என் சொந்தப் பணம் 7,800 ரூபாய் கொடுத்து இணையத்தில் ஒரு தொலைநோக்கி வாங்கினேன். 525 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. சனிக்கிழமை மாலை பள்ளித் திடலில் பிள்ளைகளும் பெற்றோருமாக அறுபது பேருக்கு மேல் கூடினார்கள். சனிக் கோளின் வளையத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். முக்காலி காற்றுக்கே ஆடியது. ஒருவர் கண்ணை வைத்தால் கோள் நகர்ந்து போனது. மீண்டும் தேடிப் பிடிக்க ஐந்து நிமிடம். வரிசையில் நின்ற முக்கால்வாசிப் பேர் நடுங்கும் ஒரு வெள்ளைப் புள்ளியைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்கள். பிறகுதான் தெரிந்துகொண்டேன்: ஒரு தொலைநோக்கியால் பயனுள்ள வகையில் எவ்வளவு பெரிதாக்க முடியும் என்பது அதன் முன் வில்லையின் அகலத்தைப் பொறுத்தது. மில்லிமீட்டரில் உள்ள அகலத்தை இரண்டால் பெருக்கினால் வருவது ஏறக்குறைய உச்ச வரம்பு. என்னுடையது 60 மில்லிமீட்டர். 120 மடங்குக்கு மேல் அதில் மங்கலைத் தவிர எதுவும் தெரியாது. அந்தப் பெட்டியில் கண்வில்லையில் திருகிக்கொள்ளும் ஒரு சிறிய கறுப்புக் கண்ணாடியும் சூரியனைப் பார்ப்பதற்கென்று இருந்தது. குவிந்த வெப்பத்தில் அது விரிசல் விட்டால் பார்ப்பவரின் கண் போய்விடும். அதை அன்றே உடைத்துப் புதைத்துவிட்டேன். நீங்கள் வாங்கும் பெட்டியில் இருந்தால் நீங்களும் அதையே செய்யுங்கள்.

இவ்வளவு பணம் கையில் இருந்தால் தொலைநோக்கியை விட்டுவிட்டு நல்ல இருகண் நோக்கி ஒன்றை வாங்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து. அதைச் சுவரிலோ மரக்கிளையிலோ ஊன்றிப் பிடித்தால் வியாழனின் நான்கு நிலாக்களும் புள்ளிகளாகத் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்தவை அவைதான். பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டியது கோள்களை அல்ல, நிலாவை. அதுவும் பௌர்ணமி நிலா வேண்டாம். ஆறாம், ஏழாம் நாள் வளர்பிறையில் வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டை ஒட்டி, பள்ளங்களின் நிழல் நீண்டு விழுந்து, கை வைத்தால் தட்டுப்படும் போல மேடுபள்ளம் தெரியும். பௌர்ணமியன்று நிழலே இல்லாமல் எல்லாம் தட்டையாக இருக்கும்.

தொலைவுகளைப் பற்றிய பாடத்துக்கு நான் ஒரு ரூபாயும் செலவழிக்கவில்லை, ஆனால் என் வகுப்புகளில் மிக நன்றாக நடந்தது அதுதான். புத்தகத்தில் சூரியன், பூமி, நிலா மூன்றும் ஒரே பக்கத்துக்குள் அடங்க வேண்டியிருப்பதால் மூன்றும் ஒன்றையொன்று உரசி நிற்பது போல அச்சாகின்றன. பிள்ளைகளின் மனத்தில் பல தவறுகள் அந்தப் படத்திலிருந்தே முளைக்கின்றன. ஒரு கைப்பந்தைப் பூமி என்று வைத்து, ஓர் எலுமிச்சம்பழத்தை நிலாவாக எந்த இடத்தில் வைக்கலாம் என்று கேட்டேன். எல்லோரும் ஒரு கை தூரத்தில் வைத்தார்கள். சரியான இடம் ஆறு மீட்டருக்கும் மேல், வகுப்பறையின் எதிர்ச்சுவரைத் தொடும் தூரம். அடுத்து கால்பந்தைச் சூரியனாகப் பள்ளி வாசலில் வைத்தோம். பூமிக்கு ஒரு கடுகு. இருபத்துநான்கு தப்படி, ஏறக்குறைய 24 மீட்டர். வியாழனுக்கு ஓர் அரைநெல்லிக்காய். 120 மீட்டருக்குச் சற்று மேல். நெப்டியூனுக்கு எழுநூறு மீட்டர் நடக்க வேண்டியிருந்தது. கண்மாய்க்கரை வரை போனோம். அங்கிருந்து திரும்பிப் பார்த்தபோது கால்பந்து யாருடைய கண்ணுக்கும் தெரியவில்லை. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி உள்ளங்கையில் கடுகை வைத்துக்கொண்டு, "இதுக்குள்ளதான் நம்ம எல்லாரும் இருக்கமா டீச்சர்?" என்று கேட்டாள். வரும் வழியில் அந்தக் கடுகைக் கீழே போடாமல் பள்ளி வரை பொத்திக்கொண்டே வந்தாள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்கள் வழியாக உள்ளே புகுந்தது. எங்கள் பகுதியில் ஒரே இரவில் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. பள்ளி மீண்டும் திறந்து சில நாட்கள் கழித்து, பாடத்திட்டத்தில் பின்தங்கிவிட்டோம் என்ற பதற்றத்தில், புயல் எப்படி உருவாகிறது என்று கரும்பலகையில் வரைந்து நடத்தத் தொடங்கினேன். பிள்ளைகளுக்கு நேரில் தெரிந்த விஷயம், ஆர்வமாகக் கேட்பார்கள் என்று எண்ணினேன். ஏழாம் வகுப்பில் ஒரு பெண் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். அவர்கள் வீட்டு ஓட்டின் மேல் மரம் விழுந்திருந்தது. அப்பா தோப்பைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பாடத்தை அத்தோடு மூன்று வாரம் தொடவில்லை.

பேரிடரைக் கண்ட பிள்ளைகளிடம் அந்தப் பேரிடரின் பாடத்தை எடுக்க வேண்டியிருந்தால், முதலில் அவர்களிடம் கேளுங்கள்: இதைப் பற்றிப் பேசலாமா, யாருக்கெல்லாம் வேண்டாம் என்று தோன்றுகிறது, வேண்டாம் என்பவர்கள் வேறு வேலை செய்யலாம். மூன்று வாரம் கழித்து நான் அப்படிக் கேட்டபோது பேசலாம் என்று முதலில் சொன்னவள் அதே பெண்தான். பாடம் நடத்தாமல், அன்று இரவு என்ன நடந்தது என்று மட்டும் சொல்லச் சொன்னேன். முதலில் வாடைப் பக்கமிருந்து, அதாவது வடக்கிலிருந்து, காற்று அடித்தது. பிறகு திடீரென்று ஓய்ந்தது. புயல் முடிந்தது என்று சிலர் வெளியே வந்தார்கள். மறுபடி தெற்கிலிருந்து அதைவிட மோசமாக அடித்தது என்று நான்கைந்து பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். அவரவர் தோப்பில் மரங்கள் எந்தத் திசையில் தலைவைத்து விழுந்தன என்று பார்த்து வந்து, ஊரின் வரைபடத்தில் அம்புக்குறி இடச் சொன்னேன். தெற்கே தலைவைத்த மரங்களும் வடக்கே தலைவைத்த மரங்களும் ஒரே தோப்பில் இருந்தன. இரண்டும் கிடந்த இடத்தில், வடக்கே விழுந்தவை மேலே கிடந்தன. அதன் பிறகுதான் படத்தை வரைந்தேன். வட அரைக்கோளத்தில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. கிழக்கிலிருந்து மேற்கே நகரும் புயலின் நடுப்பகுதி ஓர் ஊரைக் கடந்தால், அங்கே முதலில் வடகாற்று, நடுவே அமைதி, பிறகு தென்காற்று வரும். புயலின் கண் எனப்படும் அந்த நடுப்பகுதியின் அமைதியை நம்பி வெளியே வரக் கூடாது என்ற எச்சரிக்கை ஏன் கொடுக்கப்படுகிறது என்று அவர்களுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. மரங்கள் விழுந்த அந்த வரைபடத்தை இன்றும் வைத்திருக்கிறேன்.

பாறைப் பாடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 900 ரூபாய் கொடுத்து வாங்கிய மாதிரிப் பெட்டியில் இருபது கல் துண்டுகள் இருந்தன. ஒரு மாதத்தில் பாதி ஒட்டுத்தாள்கள் உரிந்து எது எதுவென்று தெரியாமல் போயின. அதற்குப் பதிலாக வீட்டிலும் வழியிலும் கிடைக்கும் கல்லைக் கொண்டுவரச் சொன்னபோது, அம்மியின் உடைந்த ஓரம், நார்த்தாமலைப் பக்கத்துக் கருங்கல், கிணறு வெட்டிய இடத்துச் செம்புராங்கல் எல்லாம் வந்து சேர்ந்தன. செம்புராங்கல் தீப்பாறையா, படிவுப்பாறையா, உருமாறிய பாறையா என்று கேட்டார்கள். அது அந்த மூன்று பெட்டிக்குள்ளும் எளிதில் அடங்காது. நீண்ட காலம் வெப்பமும் மழையும் மாறி மாறிப் பட்டு, மூலப்பாறையிலிருந்த கரையக்கூடியவை எல்லாம் கழுவிக்கொண்டு போய், இரும்பும் அலுமினியமும் மிஞ்சி இறுகியது அது. நம் காலடியில் உள்ள கல் புத்தகத்தின் வகைப்பாட்டுக்குள் வராதபோது அதை மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் தேர்வில் மூன்று வகை என்று கேட்டால் மூன்று வகையை எழுத வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். நன்றாகப் புரிந்துகொண்ட பிள்ளை விடைக்குறிப்புக்கு வெளியே எழுதி மதிப்பெண் இழப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, 2019 டிசம்பர் 26. அன்று காலை வளைய சூரிய கிரகணம் உதகமண்டலம், கோயம்புத்தூர், திண்டுக்கல் வழியாக எங்கள் மாவட்டத்தையும் கடந்தது. காலை எட்டு மணியைத் தாண்டித் தொடங்கி, ஒன்பதரை மணியை ஒட்டி வளையமாகி, பதினொரு மணி கடந்த பிறகு முடிந்தது. ஒரு மாதம் முன்பே அறுபது கிரகணக் கண்ணாடிகளை, ஒன்று 35 ரூபாய் என்று, நகரத்தில் ஒரு கடையில் வாங்கினேன், 2,100 ரூபாய். வீட்டில் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் டியூப் லைட்டும் ஜன்னல் கம்பியும் தெரிந்தன. சரியான கண்ணாடியாக இருந்தால் சூரியனைத் தவிர வீட்டுக்குள் எதுவும் தெரியக் கூடாது. கடைக்காரர் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். வேறு பள்ளிக்காவது கொடுத்துவிடலாமே என்று வீட்டில் சொன்னார்கள். அறுபதையும் கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டேன். விழித்திரை வெந்தால் வலி தெரியாது, பார்வை போன பிறகுதான் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் பணத்தைப் பார்க்காதீர்கள்.

கிரகணக் கண்ணாடியே இல்லாமல் நடத்துவது என்று முடிவு செய்தேன். ஒரு சிறிய முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல், ஒரு சென்டிமீட்டர் ஓட்டை போட்ட காகிதத்தை ஒட்டி, வெயிலில் நாற்காலியின் மேல் சாய்த்து வைத்து, இருட்டாக்கிய வகுப்பறையின் சுவரில் வெளிச்சத்தை விழச் செய்தால், சுவரில் விழுவது ஓட்டையின் வடிவம் அல்ல, சூரியனின் உருவம். தொலைவில் நூறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான அகலத்தில் அது இருக்கும். இருபது மீட்டருக்கு ஏறத்தாழ 19 சென்டிமீட்டர். யாரும் சூரியனைப் பார்க்க வேண்டியதில்லை, அறையில் உள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். இரண்டு வாரம் முன்பிருந்தே வீடு வீடாகப் போய் இதைச் செய்து காட்டினேன். கிரகண நேரத்தில் சமைக்க மாட்டோம், சாப்பிட மாட்டோம் என்றவர்களிடம் அது உங்கள் விருப்பம் என்று சொன்னேன். வாதம் செய்திருந்தால் ஒரு பிள்ளையும் வந்திருக்காது. அரையாண்டு விடுமுறை நாள் என்பதை மட்டும் மறந்திருந்தேன். முந்தின நாள் மாலைதான் பள்ளிச் சாவி தலைமையாசிரியரிடம் இருப்பதும் அவர் வெளியூர் போயிருப்பதும் நினைவுக்கு வந்தன. இரவு எட்டு மணிக்குப் பேருந்தில் போய் அவருடைய உறவினர் வீட்டிலிருந்து சாவியை வாங்கி வந்தேன்.

முப்பத்தொன்று பிள்ளைகள் வந்தார்கள். மெல்லிய மேகம் வந்து வந்து போனது. ஒன்பதரையை நெருங்கும்போது வெயில் இருந்தும் வெளிச்சம் வெளிறியது. சுவரில் இருந்த பிறை மெல்ல வளைந்து, இரு முனைகளும் தொட்டு, வளையமாக மூடியது. அந்த நேரத்தில் வெளியே புங்கை மரத்தடியிலிருந்து ஒரு கூச்சல். ஓடிப் பார்த்தால், இலைகளின் இடுக்கு வழியாக மண்ணில் விழும் வெளிச்சப் பொட்டுகள் அத்தனையும் வளையங்களாக இருந்தன. நூற்றுக்கணக்கான வளையங்கள் காற்றில் அசைந்துகொண்டிருந்தன. பள்ளிக்கு எதிர்வீட்டு அம்மா அடுப்பில்லாத நாளில் சும்மா கிடந்த ஜல்லிக் கரண்டியை எடுத்து வந்து நீட்டினார். சுவரில் ஓட்டைக்கு ஒன்றாக வளையங்கள் வரிசையில் விழுந்தன. கிரகணத்தைப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்த அவருடைய மாமியார் திண்ணையிலிருந்து இறங்கி வந்து, "நான் சூரியனப் பாக்கல, செவத்தத்தான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுக் கடைசி வரை அங்கேயே நின்றார்.

பதினொரு மணிக்குப் பிறகு ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "அடுத்த அமாவாசைக்கும் இப்படி வருமா டீச்சர்?" என்று கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, புயல் பாடத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்ட அதே பெண், பென்சிலில் குத்திய பந்தை எடுத்து, நிலாவின் பாதை ஐந்து பாகை சாய்ந்திருப்பதால் பெரும்பாலான அமாவாசைகளில் நிலா சூரியனுக்கு மேலேயோ கீழேயோ விலகிப் போய்விடும் என்று செய்து காட்டினாள்.

தமிழ்நாட்டின் தென்பகுதி வழியாக அடுத்த வளைய கிரகணம் 2031 மே 21 அன்று கடக்கிறது. அதுவும் கோடை விடுமுறையில்தான் வருகிறது. பள்ளிச் சாவியை ஒரு வாரம் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.